கோத்தகிரிக் குளிரில் குளிரூட்டும் கருவி: 7ஆம் வகுப்புக்கு வடிவமைப்பைக் கற்பிப்பது எப்படி?

கேள்வி: கோத்தகிரி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் 7ஆம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அறிவியல் சோதனைகளைச் செய்து கற்பதற்கான வானவில் மன்றம் 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட பிறகு, எங்கள் பிள்ளைகள் சோதனைகளைத் தாங்களே செய்து பார்க்கப் பழகியிருக்கிறார்கள். ஆனால் சோதனை செய்வதும் ஒரு பொருளை வடிவமைப்பதும் ஒன்றல்ல என்ற எண்ணம் எனக்கு இருந்துகொண்டே இருக்கிறது. சோதனையில் வர வேண்டிய விடை முன்கூட்டியே புத்தகத்தில் இருக்கிறது. வடிவமைப்பில் யாருக்காகச் செய்கிறோம், எவ்வளவு செலவில், எது நடந்தால் வெற்றி என்பதையெல்லாம் பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதனால், மின்சாரமே இல்லாமல் கையாலோ காலாலோ இயங்கும் ஒரு குளிரூட்டும் கருவியைக் குழுவாகச் செய்யும் பணியை ஆறு பாடவேளைகளுக்குத் திட்டமிட்டேன்.

முதல் பாடவேளை சரியாக அமையவில்லை. நான்கு குழுக்களும் ஒரே மாதிரி, அட்டையை மடித்துக் குச்சியில் ஒட்டிய விசிறியைச் செய்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தன. அப்போது ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், நம்ம ஊர்ல யாருக்கு வேர்க்குது?" என்று கேட்டாள். அவள் கழுத்தில் மஃப்ளர் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்ச்சரிவுத் தேயிலைத் தோட்டம் தெரியாத அளவுக்கு மூடுபனி. என்னிடம் பதில் இல்லை.

இந்தப் பணியை விட்டுவிட்டு, அறையைச் சூடாக்கும் கருவி என்று மாற்றிக்கொள்ளலாமா? தொடர்வதென்றால், குளிர்ந்ததா இல்லையா என்பதைப் பிள்ளைகள் எதை வைத்து அளப்பது? "நல்லா இருக்கு டீச்சர்" என்பதை அளவீடாக ஏற்க எனக்கு மனமில்லை.

பதில் 1: குன்னூர், தேயிலை ஆலை (ஓய்வு)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தயவுசெய்து பணியை மாற்ற வேண்டாம். அந்த மாணவி கேட்டதை, எங்கள் ஆலைக்கு இயந்திரம் விற்க வந்தவர்களில் பலர் ஒருநாளும் கேட்டதில்லை.

நான் 31 ஆண்டுகள் தேயிலை ஆலையில் வேலை பார்த்தவன். வெளியே ஜூலை மழை அடித்துக்கொண்டிருக்கும்போது, உலர்த்தி இயந்திரத்தின் வாயருகே தூள் வாரும் ஆள் வெறும் பனியனோடு நிற்பார். பேக்கரியில் விறகு அடுப்பின் முன் நின்று வர்க்கி போடுபவருக்கும், கரி போட்ட இஸ்திரிப் பெட்டியோடு நாள் முழுதும் நிற்பவருக்கும் அதே நிலைதான். பிள்ளைகளை அவர்களிடம் அழைத்துப் போங்கள். எந்த நேரத்தில் வேர்க்கிறது, முகத்திலா முதுகிலா, அந்த நேரத்தில் கை ஓய்வாக இருக்கிறதா, கால் ஓய்வாக இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். கடைசிக் கேள்விதான் கருவியின் உருவத்தையே தீர்மானிக்கும்.

அளப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விசிறி காற்றின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. அறையில் தொங்கும் வெப்பமானியை எவ்வளவு வேகமாக விசிறினாலும் அதன் அளவு இறங்காது. பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள், ஆகவே முதலில் அதைச் செய்ய விடுங்கள். நம் உடலை ஒட்டி நிற்கும் சூடான, ஈரமான காற்றை விசிறி தள்ளிவிடுகிறது. அதனால் வியர்வை விரைவாக ஆவியாகிறது. 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. எனவே வேர்த்த தோலைப் போல நடந்துகொள்ளும் ஒரு வெப்பமானி வேண்டும். குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் தோய்த்து எடுங்கள். 35 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்பதை, விசிறாமல் ஒரு முறையும் ஒவ்வொரு குழுவின் கருவிக்கு முன் ஒரு முறையும் எண்ணினால், ஒப்பிடத்தக்க எண் கையில் கிடைத்துவிடும்.

எங்கள் ஆலையில் இலை வாட்டும் தளத்தில் உலர் குமிழ் வெப்பமானியும், குமிழில் ஈரத் துணி சுற்றிய ஈரக் குமிழ் வெப்பமானியும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் இலைக்கு எவ்வளவு நேரம் காற்று விடுவது என்று முடிவு செய்வோம். பிப்ரவரியில் வெயிலடிக்கும் மதியத்தில் வித்தியாசம் 6, 7 டிகிரி வரை போகும். தென்மேற்குப் பருவமழையில் 1 டிகிரிகூடத் தேறாது. சூடேற்றிய காற்றைக் கலந்தால்தான் இலை வாடும். உங்கள் பிள்ளைகளில் யாராவது ஈரத் துணியைத் தொங்கவிட்டு அதன் வழியாகக் காற்றைச் செலுத்தும் கருவி செய்தால், அந்தக் காற்று ஈரக் குமிழ் காட்டும் அளவுக்குக் கீழே ஒருபோதும் குளிராது. பனிமூட்ட நாளில் அது பயன்படவில்லை என்றால் செய்தவர் மேல் குறையில்லை. அன்றைய ஈரக் குமிழ் அளவையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

பதில் 2: மேட்டுப்பாளையம், சைக்கிள் பட்டறை

வணக்கம் டீச்சர். பழைய சைக்கிளை வைத்துச் செய்வதாக இருந்தால் இரண்டு விஷயங்கள் சொல்கிறேன்.

சாதாரண சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் இருக்கும். பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும். பிள்ளைகள் இதைப் பார்த்தவுடன் இன்னும் வேகம், இன்னும் வேகம் என்றுதான் போவார்கள். ஆனால் அதே விசிறியின் வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். சிறிய இறக்கையை வேகமாகச் சுற்றுவதைவிடப் பெரிய இறக்கையை மெதுவாக அசைப்பது காலுக்கு எவ்வளவோ இலகு. உங்கள் உயரத்தில் 1 கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1 கிலோ. அரை சதுர மீட்டர் அகலத்துக்கு, விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் காற்றை நகர்த்த 1 வாட்கூடத் தேவையில்லை; மிச்சமெல்லாம் செயினிலும் அச்சிலும் உரசலில் போவதுதான். ஆகவே இறக்கையை மாற்றுவதற்கு முன்னால் எண்ணெய் போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பாதுகாப்பு. இறக்கைக்குத் தகரம் வேண்டவே வேண்டாம், அட்டை போதும். மலையில் எல்லாப் பிள்ளைகளும் மஃப்ளரும் முழுக்கை ஸ்வெட்டரும் போட்டிருப்பார்கள். மஃப்ளர் நுனி செயினில் மாட்டினால் கழுத்தை இழுத்துவிடும். மஃப்ளரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கருவியின் பக்கத்தில் வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பதில் 3: கொடைக்கானல் ஆசிரியர்

குன்னூர் ஐயா சொன்ன அளவீட்டு முறையை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் விசிறி எப்படிக் குளிரவைக்கிறது என்ற விளக்கத்தை முதலிலேயே கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கருவி ஒரு முறையாவது பொய்த்துப்போன பிறகு சொன்னால்தான் அந்த விளக்கம் பிள்ளைகளுக்குத் தேவைப்படும் ஒன்றாக இருக்கும். அதற்கு முன் சொன்னால் அதையும் ஒரு பாடமாக எழுதிக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் வகுப்பில் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். மனித உடல் செலவழிக்கும் ஆற்றலில் அதிகம் போனால் நான்கில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். மீதி உடலுக்குள்ளேயே வெப்பமாகத் தங்கும். அப்படியானால் கருவியை இயக்குபவர் சூடாகிறார், எதிரில் உட்கார்ந்திருப்பவர் குளிர்கிறார். சென்னை மாகாண அரசு கோடைதோறும் உதகைக்கு ஏறி வந்த காலத்தில், சமவெளியின் அரசு அலுவலகங்களிலும் பங்களாக்களிலும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பங்காவின், அதாவது கூரையில் தொங்கும் துணி விசிறியின், கயிற்றை இழுத்தவர்கள் இருந்தார்கள். எங்கள் பள்ளியில் இதைச் சொன்னபோது, ஒரு பையன் தானாகவே குறிப்பேட்டில் "இயக்குபவருக்கும் வேர்க்கக் கூடாது" என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தான். அந்த ஒரு வரிக்குப் பிறகு அவர்கள் குழுவின் படம் முழுவதும் மாறிவிட்டது. உங்கள் பிள்ளைகளையும் நிபந்தனைகளை அவர்களே எழுத விடுங்கள்.

கேள்வி கேட்டவர்: மூன்று வாரங்களுக்குப் பிறகு

மூவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு குழுக்கள் இஸ்திரிக் கடைக்கும், ஒரு குழு பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்கும் போயின. மஃப்ளர் போட்ட அந்த மாணவியின் குழு ஒரு பேக்கரிக்குப் போனது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அங்கே மாவு பிசைபவரும் அடுப்பில் வர்க்கி வைப்பவரும் ஒருவரே. பிசையும்போது இரண்டு கைகளும் மாவில் இருக்கின்றன, கால் ஓய்வாக இருக்கிறது என்று எழுதி வந்தார்கள். ஒரு மாணவனின் வீட்டில் பழுதாகிக் கிடந்த தையல் மெஷினின் மிதிப்பலகையைக் கொண்டுவந்து, மேலே மூங்கில் கழியில் பழைய வேட்டித் துணியைக் கட்டி, மிதித்தால் துணி முன்னும் பின்னும் அசையும்படி கயிறு இழுத்தார்கள். வகுப்பறையில் ஈரத் துணி சுற்றிய வெப்பமானி 35இலிருந்து 25க்கு இறங்க, விசிறாமல் 190 விநாடியும் இந்தத் துணிக்கு அடியில் 80 விநாடியும் ஆனது. மிதித்த மாணவனுக்கு மூச்சு வாங்கவில்லை. அவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை, எனக்கும்தான்.

பேக்கரியில் கட்டியதும், முதல் மிதியிலேயே அடுப்போரத்துச் சாம்பல் கிளம்பித் தட்டில் இருந்த மாவின் மேல் படிந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "பிசையற இடத்துல பரவாயில்ல கண்ணு, எனக்கு எரியறது அங்க நிக்கும்போது" என்று அடுப்பு வாயைக் காட்டினார். பிள்ளைகள் கழியை அடுப்புக்கு எதிர்ப்புறம் மாற்றிக் கட்டிவிட்டு, அடுப்பின் முன் வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தார்கள். வாயை மூடும் இரும்புத் தகடு திறந்திருந்தபோது 46 டிகிரி. தகடு மூடியதும் சில நிமிடங்களில் 33. இடைப்பட்ட நேரத்தில் யாரும் விசிறவில்லை. இதைப் பார்த்த பிறகுதான், வெப்பம் காற்றின் வழியாக மட்டும் வருவதில்லை, தணலிலிருந்து நேராகவும் வந்து விழுகிறது என்பதை நான் சொன்னேன். கொடைக்கானல் ஆசிரியர் கூறியபடி, அப்போது எல்லோரும் கேட்டார்கள்.

நீளக் கைப்பிடிப் பலகையை இரு கைகளாலும் பிடித்திருப்பதால், அவர் தகட்டைத் திறந்தே விட்டுவிடுகிறார். ஆகவே அந்த மாணவி இப்போது காலால் மிதித்தால் தகடு மேலேறி, காலை எடுத்தால் தானே இறங்கும்படி ஒரு நெம்புகோலை வரைந்துகொண்டிருக்கிறாள். இது குளிரூட்டும் கருவியா, மதிப்பெண் கொடுக்கலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அடுப்பின் முன் நிற்பவருக்கு 13 டிகிரி குறைகிறது, மனிதக் கால் இயக்குகிறது, கொடுப்பேன் என்றேன்.

எனக்கு இப்போது இருக்கும் ஐயம் ஒன்றுதான். தகட்டின் எடை 4 கிலோ. நாள் முழுதும் மிதிப்பவருக்குக் கால் வலிக்காமல் இருக்க நெம்புகோலின் அச்சை எங்கே வைப்பது?

பதில் 2: மேட்டுப்பாளையம், சைக்கிள் பட்டறை

டீச்சர், அச்சைத் தேடுவதற்கு முன்னால் தகட்டின் மறுபுறம் கப்பி வழியாக மூன்றரைக் கிலோ எடையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். கிணற்று ராட்டினம் மாதிரிதான். கால் அரை கிலோவை மட்டும் தூக்கினால் போதும், காலை எடுத்ததும் தகடு மெதுவாகத் தானே இறங்கும். கயிறு மட்டும் வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்தில் கருகிவிடும். பழைய சைக்கிள் செயின் என்னிடம் நிறைய இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன்.