வினிகர் ஊற்றிய கோஸ் ஸ்லா ஒரு மணி நேரத்தில் தண்ணீர் விடுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி (தேவகோட்டை)
2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு தடை போட்டதிலிருந்து எங்கள் வீட்டில் மயோனைஸ் இல்லாத வினிகர் ஸ்லாதான், அதாவது பச்சை முட்டைக்கோஸ் சாலட். அரை கிலோ முட்டைக்கோஸ், ஒரு கேரட், வினிகர், சர்க்கரை, உப்பு, மிளகுத்தூள், எண்ணெய். கலந்த உடனே சாப்பிட்டால் அருமை. ஒரு மணி நேரம் போனால் அடியில் தண்ணீர் கட்டி, கோஸ் துவண்டு, புளிப்பும் சப்பென்று ஆகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டு ஆட்கள் வருகிறார்கள், கோழி வறுவலுக்குப் பக்கத்தில் இதை வைக்க ஆசை. காலையிலேயே செய்து வைக்க வழி உண்டா?

பதில் (காரைக்குடி)
தாராளமாக உண்டு. கோஸில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். உப்பும் சர்க்கரையும் பட்டால் அது வெளியே வந்தே தீரும். அதை முன்னாடியே வரவழைத்துக் கொட்டிவிடுங்கள்.

மெல்லிசாக நறுக்கிய அரை கிலோ கோஸுக்கு 10 கிராம் உப்பு, அதாவது தூள் உப்பில் இரண்டு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. கையால் பிசிறி, வடிதட்டில் முக்கால் மணி நேரம் வையுங்கள். ஒரு இழையை எடுத்து மடக்கினால் ஒடியாமல் வளைய வேண்டும், கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். அதுதான் பதம். குழாயில் ஒருமுறை அலசி, பழைய வேட்டித் துணியில் கட்டி இறுக்கிப் பிழியுங்கள்.

கலவைக்கு 60 மில்லி வினிகர், ஒன்றரை மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய். சர்க்கரை முழுக்கக் கரைந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். உப்பை ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

பதில் (கானாடுகாத்தான்)
பிழிந்தால் கோஸின் இனிப்பும் சேர்ந்து போய்விடும் என்பது என் எண்ணம். நறுக்கியதை ஐஸ் தண்ணீரில் 20 நிமிடம் போட்டு, ஈரம் போகத் துடைத்து பிரிட்ஜில் வைத்துவிடுவேன். கலவை தனிப் பாட்டிலில் இருக்கும். இலை போடும்போது ஊற்றிக் கிளறினால் போதும். பச்சைக் கோஸின் காரநெடியும் அந்தத் தண்ணீரோடு குறைந்துவிடும்.

கேட்டவர்
நன்றி. பந்தி நேரத்தில் சமையல்கட்டில் நிற்க முடியாது, அதனால் பிழிந்தே செய்கிறேன். இன்னொரு சந்தேகம். வீட்டில் பெரிய பித்தளைப் பாத்திரம் இருக்கிறது, அதில் கலந்து வைக்கலாமா? நிறத்துக்கு ஊதாக் கோஸ் சேர்த்தால் எப்படி?

பதில் (காரைக்குடி)
பித்தளை வேண்டவே வேண்டாம் அக்கா. வினிகர் பட்டால் களிம்பு ஏறும், அது வயிற்றுக்கு ஆகாது. ஈயம் பூசியிருந்தாலும் மணிக்கணக்கில் வைக்க நான் துணிய மாட்டேன். நம் பக்கத்து வீடுகளில் மங்குக் (பீங்கான்) கிண்ணங்களுக்கா பஞ்சம்? ஒன்றை எடுத்துக் கழுவுங்கள். எனாமல் பாத்திரமென்றால் பூச்சு உதிராததாகப் பாருங்கள்.

ஊதாக் கோஸ் வினிகர் பட்டதும் நல்ல சிவப்பாகிவிடும், பார்க்கவே அழகு. ஆனால் வெள்ளைக் கோஸுக்கும் சாயம் ஏற்றும். தனியாக ஊறவைத்துக் கடைசியில் மேலே தூவுங்கள்.

பதில் (சிங்கப்பூர், சொந்த ஊர் பள்ளத்தூர்)
வறுவலோடு வைப்பது சரியான ஜோடி. அமெரிக்காவில் வட கரோலினாவின் லெக்சிங்டன் பக்கம் சுட்ட பன்றிக்கறியோடு வினிகரும் கெச்சப்பும் கலந்த ஸ்லாவைத்தான் வைக்கிறார்கள், மயோனைஸே கிடையாது. எண்ணெயும் கொழுப்பும் உள்ள கறிக்குப் புளிப்புதான் எடுபடும்.

வினிகர் பாட்டிலில் அமில அளவைப் பாருங்கள், 4 சதவீதமும் உண்டு, 5 சதவீதமும் உண்டு. 5 என்றால் 45 மில்லியில் தொடங்குங்கள். பிழிந்த கோஸ் தண்ணீர் விட்டு நீர்க்காது, முழுப் புளிப்பும் நாக்கில் ஏறும். மிளகை அப்போதே இடித்துப் போடுங்கள். மீந்ததை மூடி பிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் காலி செய்துவிடுங்கள்.