லூயி மால்: எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

சேலத்துக்காரன்:
பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் 1968-ல் இந்தியாவில் எடுத்த 'ஃபேண்டம் இந்தியா' ஆவணத் தொடரில் மெட்ராஸ் பகுதியை மட்டும் பார்த்தேன். தேர் இழுப்பதையும் கலாக்ஷேத்ராவில் ஆடுவதையும் அவசரமே இல்லாமல் காட்டிக்கொண்டு போகிறார். யார் இவர் என்று தேடினால் தலை சுற்றுகிறது. ஒரு படம் கொலைக்கதை, ஒன்று கூத்தும் கும்மாளமும், இன்னொன்றில் இரண்டு பேர் ஓட்டலில் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான். அதே காலத்துப் பிரெஞ்சு இயக்குநர்கள் கோதார், த்ரூஃபோவோடு இவர் பெயரை ஏன் யாரும் சொல்வதில்லை? எதை முதலில் பார்க்கலாம்?

இரவுக்காட்சி:
'எலிவேட்டர் டு த கேலோஸ்', 1958. நடிகை ழான் மோரோ ராத்திரி பாரிஸ் தெருவில் நடக்கிறார், கடைகளின் வெளிச்சம்தான் லைட்டிங். காமிராவைக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளியிருக்கிறார்கள். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் காட்சிகளைப் பார்த்தபடியே ஒரே இரவில் வாசித்த இசை. வேறென்ன வேண்டும்?

பழையரீல்:
அந்தப் படம் அழகுதான், ஆனால் அதில் மால் என்ற மனிதர் கம்மி. கோதார் வட்டாரம் பத்திரிகையில் விமர்சனம் எழுதிவிட்டுப் படமெடுக்க வந்தது. இவர் சர்க்கரை ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை. சினிமாப் பள்ளியிலிருந்து நேராகக் கடலாய்வாளர் கூஸ்தோவின் கப்பலில் ஏறிக் கடலுக்கடியில் படம் பிடித்தவர். அந்த 'சைலன்ட் வேர்ல்ட்' 1956-ல் கான் திரைப்பட விழாவின் பெரிய பரிசான தங்கப் பனை வாங்கியபோது இவருக்கு வயது 23. அப்புறம் இயக்குநர் பிரெஸ்ஸோனிடம் உதவியாளர். எந்தக் கோஷ்டியிலும் சேரவில்லை, ஒரே மாதிரி இரண்டு படம் எடுக்கவும் இல்லை.

என்னைக் கேட்டால் 'லகோம்ப், லூசியன்' (1974), பிறகு 'ஓ ரெவ்வார் லே ஆன்ஃபான்' (1987). இதே வரிசையில். இரண்டாவது படம் அவர் சொந்த அனுபவம். 1944 ஜனவரியில், பிரான்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, மாலுக்கு 11 வயது, ஃபோந்தென்ப்ளோ அருகே பாதிரியார்கள் நடத்திய விடுதிப் பள்ளியில் படிக்கிறார். வேறு பெயரில் ஒளித்து வைத்திருந்த யூதச் சிறுவர்கள் மூவரையும் தலைமையாசிரியர் பாதர் ழாக்கையும் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ பிடித்துப் போனது. பையன்கள் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இறந்தார்கள். பாதர் மௌத்ஹவுசன் முகாம் விடுவிக்கப்பட்டுச் சில வாரங்களில் இறந்துபோனார்.

இதைப் படமாக்க அவருக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்கு முன்னால் அவர் எடுத்தது காட்டிக்கொடுத்தவன் கதை! லூசியன் கிராமத்துப் பையன். ஜெர்மானியரை எதிர்த்த ரகசியப் படையில் சேரப் போகிறான், சின்னப் பயல் என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு ராத்திரி சைக்கிள் டயர் பஞ்சராகி, ஜெர்மானியருக்கு வேலை பார்க்கும் கும்பலின் கையில் சிக்குகிறான். அங்கே மதிப்பு கிடைக்கிறது, ஒட்டிக்கொள்கிறான். நடித்தது மரம் வெட்டும் வேலை பார்த்த பையன், அதுவரை காமிராவைப் பார்க்காதவன். திரைக்கதையில் கூட்டு, பின்னாளில் நோபல் வாங்கிய எழுத்தாளர் பத்ரிக் மோதியானோ. லூசியனை மால் திட்டவும் மாட்டார், தடவிக்கொடுக்கவும் மாட்டார். அதனாலேயே படத்தை வைத்துப் பிரான்சில் பெரிய சண்டை. நீங்கள் தேர்க் கூட்டத்தில் பார்த்தீர்களே, அதே பார்வைதான்.

மாடிவீடு:
என்ன பார்வை! அந்தத் தொடரை 1970-ல் பிபிசி ஒளிபரப்பியதும் இந்திய அரசு கோபப்பட்டு அவர்களின் டெல்லி அலுவலகத்தையே மூட வைத்தது. வறுமையை வெள்ளைக்காரனுக்குக் காட்டிய ஆள்.

பழையரீல்:
வறுமையைக் காட்டினார், உண்மை. அதே பயணத்தில் எடுத்த 'கல்கத்தா' என்ற தனிப்படத்தில் தொழுநோயாளிகளை எடுத்த இடங்கள் எனக்கும் நெருடும். ஆனால் தொடரின் முதல் பகுதியிலேயே, கிராமத்து ஜனங்கள் காமிராவை வெறிப்பதை வெட்டாமல் வைத்து, எங்களுக்கு இங்கே என்ன வேலை என்று தானே கேட்டுக்கொள்கிறார். மெட்ராஸ் இரண்டாவது பகுதி. சேலத்துக்காரரே, முதலாவதைப் பார்த்துவிட்டு இவருக்குப் பதில் சொல்லுங்கள்.

சேலத்துக்காரன்:
சரி, இன்று ராத்திரி லூசியன். முதல் பகுதி ஞாயிற்றுக்கிழமை.