ராமநாதபுரம் கடலோரத்தில் இடம் வாங்க நிதி ஆலோசகரிடம் பாடம் கேட்பது தேவையா?

சேதுக்கரை:
கீழக்கரை, பெரியபட்டணம், தேவிபட்டினம் பிள்ளைகள் வளைகுடாவில் 20 லட்சம் சேர்த்ததும் ஊரில் இடம் தேடுகிறார்கள். முதலில் நிதி ஆலோசகரிடம் கட்டணம் கட்டி நில முதலீட்டைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று இந்தக் குழுவில் சிலர் சொல்லி வருகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் எந்த சர்வே எண் கண்மாய் உள்வாய் (கண்மாயில் தண்ணீர் தேங்கும் பகுதி), எது புறம்போக்கு என்பது சென்னையில் இருக்கும் ஆலோசகருக்கு எப்படித் தெரியும்? நம் மாவட்டத்தில் பெரும்பகுதி பழைய சமஸ்தான நிலம். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் இங்கே அரசு நேரடியாகத் தரும் ரயத்துவாரி பட்டா வந்தது. மூலப்பத்திரம் அதற்கு முந்தையது என்றால் வருவாய்த்துறையின் நிலப் பதிவேடுகளான செட்டில்மென்ட் பதிவேட்டோடும் ஏ-பதிவேட்டோடும் ஒத்துப்பார்க்க வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் ஆவண எழுத்தரும் சிவில் வக்கீலும்தான்.

வாடைக்காற்று:
சேதுக்கரை காக்கா, பத்திரம் பார்க்க வக்கீல் வேண்டும் என்பதில் சண்டையே இல்லை. ஆனால் வில்லங்கம் உண்டா இல்லையா என்பதோடு அவர் வேலை முடிகிறது. அந்த விலைக்கு வாங்குவது லாபமா என்பதை யார் சொல்வது? 20 லட்சம் ரூபாய் மனையையே எடுத்துக்கொள்வோம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம்: 1,80,000. தரகு 2 சதவீதம் என்றால் 40,000. வக்கீல், சர்வேயர் செலவு 20,000 என்று வையுங்கள். அடக்க விலை 22.4 லட்சம். இதே பணம் வெளிநாட்டுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ வங்கி வைப்பில் ஆண்டுக்கு 7 சதவீதம் கூட்டு வட்டியில் இருந்தால் 10 ஆண்டில் 44 லட்சம், அதுவும் வரியில்லாமல். மனையை விற்கும்போது லாபத்தில் 12.5 சதவீதம் மூலதன ஆதாய வரியும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் உண்டு. ஆகவே 47 லட்சத்துக்கு விற்றால்தான் வைப்புநிதிக்குச் சமம். வேலி போடுவதும் வருஷா வருஷம் சீமைக்கருவேலம் வெட்டுவதும் இதில் சேரவில்லை. இந்தக் கணக்கை எந்தத் தரகரும் போட்டுக் காட்டுவதில்லை. ஆலோசகரிடம் கற்க வேண்டியது இதைத்தான்.

சேதுக்கரை:
கணக்கு சரி தம்பி. ஆனால் 7 சதவீதம் பத்து வருஷம் நிற்கும் என்று யார் எழுதிக் கொடுத்தது? இன்னொன்றையும் யோசியுங்கள். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கண்காணிப்பது பங்கு, பரஸ்பர நிதி போன்றவற்றை. நிலம் அதில் இல்லை. நிலத்தைப் பற்றி ஆலோசகர் தப்பாகச் சொல்லி நீங்கள் ஏமாந்தால் அந்தப் புகாரைச் செபியிடம் கொண்டுபோய் ஜெயிக்க முடியாது. அதோடு, ஆலோசகர் என்று பெயர்ப்பலகை போட்டிருப்பவர்களில் பலர் காப்பீட்டு முகவர்கள், பரஸ்பர நிதி விநியோகஸ்தர்கள். இலவச வகுப்பு என்று கூப்பிட்டு, கடைசி அரைமணி நேரத்தில் ஒரு லேஅவுட்டின் படத்தைக் காட்டுபவரும் இருக்கிறார்.

வாடைக்காற்று:
அவரை நானும் ஆலோசகர் என்று சொல்லவில்லை. செபியில் பதிந்த முதலீட்டு ஆலோசகரின் பதிவு எண் ஐஎன்ஏ (INA) என்று தொடங்கும். செபி தளத்தில் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். ஆலோசனை தரும் வாடிக்கையாளரை வைத்து அவர் கமிஷன் வாங்கக் கூடாது. நிலையான கட்டணம் என்றால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய்தான் உச்சவரம்பு. மனை விற்கிறவர் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் முகவர் பதிவு எண் வேண்டும். இரண்டு எண்ணும் இல்லாதவரின் வகுப்பில் உட்காரவே வேண்டாம்.

பனங்காடு:
இருவரும் பெரிய ஆபத்தைத் தொடவில்லை. சாயல்குடி, கடலாடிப் பக்கம் விற்கும் 'பண்ணை நிலம்' விவகாரத்தைச் சொல்கிறேன். பத்து ஏக்கர் புஞ்சையை 10 சென்ட், 20 சென்ட்டாகப் பிரித்து மாதத் தவணையில் விற்கிறார்கள். விவசாய நிலம் என்று சொல்லியே விற்பதால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அங்கீகாரமும் இல்லை, ரெரா பதிவும் இல்லை. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், விலைக்கு வாங்கக் கூடாது. துபாயில் இருக்கும் பிள்ளை தன் பெயரில் இதை எழுதினால் பத்திரம் பதிவாகிவிடலாம், ஆனால் விதிமீறல் அவன் தலையில்தான். எழுதுகிற இடத்தில் யாரும் விசாவைக் கேட்பதில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளரைக் கையாளும் ஆலோசகர் முதலில் கேட்கும் கேள்வியே அதுதான். இந்த ஒன்றில் நான் வாடைக்காற்று பக்கம்.

சேதுக்கரை:
ஏற்கிறேன், அது ஆவண எழுத்தர் கண்ணில் படாத விஷயம். ஆனால் அதே பண்ணை நிலத்தில் வேறு கோளாறுகளும் உண்டு, அவை ஆலோசகர் கண்ணில் படாது. விற்கிறவர் காட்டும் 30 அடிப் பாதை சர்வே துறையின் புலப்படத்தில் இருக்காது. பக்கத்துப் பட்டாதாரர் வேலி போட்டால் உள்ளே போக வழியில்லை. கூட்டுப் பட்டா, உட்பிரிவு ஆகியிருக்காது. பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஹெக்டேர்-ஏர்ஸ். 0.40.50 என்றால் ஏறக்குறைய 1 ஏக்கர். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பல சமயம் பட்டாவில் இருப்பதைவிடக் கூடுதலாக எழுதி விற்றிருப்பார்கள். வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் போட்டாலும் அதில் பதியாத உயில் வராது, நடக்கிற வழக்கு வராது, விற்றவரின் அக்கா தங்கச்சி பங்கும் வராது. அதற்கு வாரிசுச் சான்றைக் கேட்க வேண்டும், நீதிமன்றத்தில் தேட வேண்டும். அசல் தாய்ப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. நகலை மட்டும் காட்டினால் அசல் எங்கோ அடமானத்தில் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

கடலோர ஒழுங்குமுறை மண்டலம் இன்னும் மோசம். 2011 அறிவிக்கை, 2019 அறிவிக்கை இரண்டிலுமே உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் நீர் உச்சமாக ஏறும் எல்லை) 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் கட்டுமானம் இல்லாத பகுதி. 2019 அறிவிக்கையில் மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 2161க்கு மேல் உள்ள ஊர்களுக்கு மட்டும் இது 50 மீட்டர். 200 மீட்டரைக் கடற்கரை மணலிலிருந்து நாடா பிடித்து அளக்கக் கூடாது. உயர் ஓதக் கோடு வரைபடத்தில் இருக்கும், உப்பங்கழி வழியாக அது உள்ளேயும் புகுந்திருக்கும். ஆற்றங்கரை, காரங்காடு பக்கம் கழிமுகத்தையும் அலையாத்திக் காட்டையும் ஒட்டிய நிலம் கடலிலிருந்து எட்ட இருந்தும் கட்டுப்பாட்டில் மாட்டும். பதிவு அலுவலகம் இதைப் பார்த்துப் பதிவதில்லை. சர்வே எண் போட்ட கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் பார்க்க வேண்டும். சந்தேகம் என்றால் அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பிடம் கோடு போட்டு வாங்க வேண்டும். அதற்கு ஆகும் செலவை ஆலோசகர் கட்டணத்தைவிட முக்கியமாக நினைக்கிறேன்.

வாடைக்காற்று:
நீங்கள் சொன்ன அத்தனையும் இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு நடப்பவை. என் வாதம் அதற்கு முந்தைய கேள்வியைப் பற்றியது. கையில் இருக்கும் முழு 20 லட்சத்தையும் ஒரே மனையில் போட்டுவிட்டு, வேலை போய் ஊருக்குத் திரும்பியவன் ஆறு மாதச் செலவுக்கு அந்த மனையை அவசரமாக விற்றால் வாங்குபவர் கேட்ட விலைக்குத்தான் போகும். என்ஆர்ஐயாக இருக்கும்போதே விற்றாலும் சிக்கல் உண்டு. வரித்துறையிடம் குறைந்த வரிப் பிடித்தத்துக்கான சான்று வாங்காவிட்டால், வாங்குபவர் லாபத்தைப் பார்க்காமல் மொத்த விலையிலேயே 12.5 சதவீதமும் செஸ்ஸும் பிடித்துவிடுவார். 40 லட்சத்துக்கு விற்றால் 5,20,000 ரூபாய் முடங்கும். கணக்குத் தாக்கல் செய்துதான் மீதியைத் திரும்ப வாங்க வேண்டும். இதை எந்த ஆவண எழுத்தர் சொல்லித் தருகிறார்?

சேதுக்கரை:
சரி தம்பி, எவ்வளவு பணத்தை நிலத்தில் போடலாம், யார் பெயரில் போடலாம், விற்கும்போது வரி எவ்வளவு? இந்த மூன்றையும் அவரிடம் கேட்கட்டும், அதற்கு மட்டும் காசு கொடுக்கட்டும். எந்த ஊர், எந்த சர்வே எண் என்று அவர் வாயைத் திறந்தால் எழுந்து வந்துவிட வேண்டும். இதற்கு மேல் நான் இறங்கி வர மாட்டேன்.

பனங்காடு:
பவர் பத்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளைகுடாவிலிருந்து அனுப்பும் பவரை இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். பொதுப் பவர் வேண்டாம். சர்வே எண், விலை, எந்தக் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று குறித்த தனிப் பவர் போதும். பவரை மட்டும் வைத்து நடக்கும் விற்பனை உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது. பவர் ஏஜென்ட்டிடமிருந்து வாங்குகிறீர்கள் என்றால், உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்பதைப் பதிவுக்கு முந்தின நாள் வரை பாருங்கள்.