தோட்டத்து மேல் டிவிசன் குழுப் பேச்சு: இருட்டுக் காம்பராவுக்குப் போத்தல் வெளிச்சம்

ராணி: பின்காம்பராவுல பட்டப்பகல்லயே லைட் போட வேண்டியிருக்கு. யன்னல் இல்ல. தண்ணிப் போத்தல கூரையில மாட்டி வெளிச்சம் எடுக்கலாங்கிறாங்களே, நம்ம லயத்து (தோட்ட வரிசை வீட்டு) தகரத்துக்கு அது சரிவருமா? வெறும் போத்தல் ஒரு சாக்கு நிறையக் கெடக்கு.

சிவா: சரிவரும் அக்கா. முதல்ல கூரை என்னன்னு பாருங்க. தகரம்னா வெட்டலாம். அஸ்பெஸ்டஸ் சீட்டுன்னா கையே வைக்கக்கூடாது. அறுத்தாலும் துளைச்சாலும் கிளம்புற தூசி நெஞ்சுக்குள்ள போயி தங்கிரும், பல வருசம் கழிச்சுத்தான் வேலையக் காட்டும்.

ராணி: தகரம்தான் தம்பி. பழசு.

சிவா: ஸ்க்ரூ டிரைவர் முனையால லேசா குத்திப் பாருங்க. உள்ள இறங்குனா அந்த சீட் வேணாம், துரு தின்னுருச்சு. பக்கத்துச் சீட்டப் பாருங்க. லயம் தோட்டத்துச் சொத்து, அதனால ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வெட்டுங்க.

செல்லையா மாமா: ஓட்டை போட்டா வெளிச்சம் தானா வருது. அதுக்கு எதுக்கு போத்தலு, தண்ணி?

ஜெகன்: ஓட்டை வழியா வர்ற வெயில் நேரா கீழ ஒரு வட்டமா விழும் மாமா, மூலையெல்லாம் இருட்டாவே இருக்கும். தண்ணிக்குள்ள நுழைஞ்ச வெளிச்சம் வளைஞ்சு நாலா பக்கமும் செதறும். பிரேசில்ல அல்ஃபிரெடோ மோசர்னு ஒரு மெக்கானிக், கரண்ட் அடிக்கடி போன காலத்துல, 2002ல கண்டுபிடிச்ச வேலை இது. நல்ல வெயில் அடிச்சா 40 முதல் 60 வாட் குண்டு பல்ப் அளவு வெளிச்சம். ராத்திரிக்கு ஒண்ணும் இல்ல.

செல்லையா மாமா: நம்ம ஊர் மூட்டத்துக்கு?

ஜெகன்: பாதிக்கும் கீழ வரும். அடுப்படியில பானை எது, சட்டி எதுன்னு தெரியும். எழுத்து படிக்க ஒரு காம்பராவுக்கு ரெண்டு போத்தல் வேணும்.

ராணி: சரி தம்பி, செய்ற வழியச் சொல்லு.

சிவா: 1.5 லீற்றர் போத்தல், நிறமில்லாதது. பச்சைப் போத்தல் ஆகாது. பீலித் தண்ணிய துணியில வடிச்சு, காய்ச்சி ஆற வச்சு, கழுத்து வரைக்கும் நிரப்புங்க. அதுல குளோரின் பிளீச் ரெண்டு மூடி, சுமார் 10 மில்லி. அது இல்லேன்னா பாசி பிடிச்சு பச்சையாயிரும். மணமோ கலரோ சேர்த்த பிளீச் வேணாம்.

சிவா: அடுத்தது தகரத்துண்டு. கூரையில இருக்கிற அதே வளைவுள்ள பழைய சீட்ல அகலம் ஒரு அடி, நீளம் ரெண்டு அடி. போத்தல நிறுத்தி சுத்தி வட்டம் வரைங்க. அதுக்குள்ள 1 செ.மீ. தள்ளி இன்னொரு வட்டம். உள்வட்டத்த வெட்டி எடுத்துட்டு, வெளிவட்டம் வரைக்கும் சுத்தி வர கத்தரியால கீறி, நாக்கு நாக்கா மேல மடிச்சு விடுங்க. போத்தல அதுல இறுக்கிச் செருகணும். மூணுல ஒரு பங்கு கூரைக்கு மேல, மிச்சம் கீழ. மூடி மேல் பக்கம்.

மேரி டீச்சர்: வட்டத்த சீட்டோட மேட்டுல போடணுமா, பள்ளத்துலயா?

சிவா: நல்ல கேள்வி டீச்சர். போத்தல் ஒரு வளைவ விட அகலம், அதனால எப்படியும் பள்ளத்தத் தொடும். நடுவ மேட்டுல வச்சா ரெண்டு பக்கமும் தண்ணி பிரிஞ்சு ஓடும். நடு பள்ளத்துல விழுந்தா மேல இருந்து வர்ற தண்ணி முழுக்க போத்தல்ல முட்டி நிக்கும், அங்கதான் ஒழுகும்.

சிவா: பசைக்கு சிலிக்கோன். ஹாட்வெயார்ல "நியூட்ரல்"னு கேட்டு வாங்குங்க. வினாகிரி மணம் அடிக்கிறது மலிவுதான், ஆனா அந்தப் புளிப்பு தகரத்தோட துத்தநாகப் பூச்ச அரிச்சு, பசைக்கு அடியிலயே துரு கிளப்பும். நாக்குக்கு வெளியேயும் உள்ளேயும் ரெண்டு பக்கமும் பூசணும். பூசுற இடத்த உப்புத்தாளால தேய்ச்சு, துடைச்சு, காய வச்சு பூசுங்க. இதெல்லாம் தரையில இருந்தே செய்ற வேலை. 24 மணி நேரம் அசைக்காம நனையாம வச்சாத்தான் கூரைக்கு ஏத்தலாம்.

ஜெகன்: அப்ப மழை மாசத்துல வேணாம். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் நல்லது. பண்டாரவளை, பதுளையில உள்ள சொந்தக்காரருக்கு அனுப்புறவங்க, அவங்களுக்கு ஜூனுக்குப் பிறகு செப்டம்பர் வரைக்கும்னு சொல்லுங்க.

சிவா: கூரைக்கு ஏத்துறப்போ முகட்டுக்குப் பக்கமா இடம் பாருங்க. துண்டோட மேல் விளிம்ப முகட்டுத் தகரத்துக்கு அடியில செருகிட்டா, மேல இருந்து வர்ற தண்ணி தானா துண்டுக்கு மேலயே ஓடும், பசைய நம்பி இருக்க வேண்டாம். துண்டு ரெண்டு அடி கேட்டது அதுக்குத்தான். பழைய சீட்ல போத்தல விட ஒரு விரல் அகலமா ஓட்டை, மேல துண்டு, விளிம்புக்கெல்லாம் சிலிக்கோன், மேட்டுல மட்டும் ரிவெட்.

சிவா: ஏறும்போது ஆணி வரிசை மேல கால் வைங்க, அங்கதான் அடியில ரீப்பைக் கட்டை இருக்கும். பலகை ஒண்ணு போட்டுக்கிட்டா இன்னும் நல்லது. உள்ள வயர் எங்க ஓடுதுன்னு பார்த்து, மெயின ஆஃப் பண்ணிட்டு வெட்டுங்க.

செல்லையா மாமா: இவ்வளவு பாடுபட்டா எத்தனை வருசம் தாங்கும்?

சிவா: போத்தல் சில வருசம் போகும் மாமா, முதல்ல போறது மூடிதான். வெயில் பட்டு வெடிச்சா தண்ணி ஆவியாயி குறையும். மேல ஒரு சின்ன பிவிசி மூடியக் கவுத்து சிலிக்கோன் வச்சா தப்பிக்கும். விறகு அடுப்படின்னா கீழ்ப்பக்கம் கரி படியும், வாரத்துக்கு ஒருக்கா துடைக்காட்டி வெளிச்சம் செத்துப் போகும்.

ராணி: மிச்சப் போத்தலும் உரப்பையும் இருக்கே. பைய எரிச்சிரவா?

மேரி டீச்சர்: எரிக்காதீங்க ராணி. லயத்துக்குள்ள அந்தப் புகைக்கு போக வழியே இல்ல. உரப்பையில உருளைக்கிழங்கு போடலாம். முதல்ல உள்ள இருக்கிற பொலித்தீன் பைய உருவி எடுக்கணும், இல்லேன்னா தண்ணி தேங்கி கிழங்கு அழுகிரும். பைய அலசுற தண்ணி பீலிக்கோ கானுக்கோ போகக்கூடாது. நிறையத் தண்ணி கலந்து செடிக்கு விடுங்க.

மேரி டீச்சர்: கம்பிய நெருப்புல காய்ச்சி அடியில 8, ரெண்டு அங்குலம் மேல சுத்தி 6 ஓட்டை. கத்தரியால குத்துனா நூல் பிரிஞ்சு கிழியும், சூட்டுல செஞ்சா ஓரம் உருகி ஒட்டிக்கும். வெளிய நின்னு செய்யுங்க. வாயை ஒரு அடி உயரம் வரைக்கும் மடிச்சு விட்டு, மண் ரெண்டு பங்கு, கூட்டுப்பசளை ஒரு பங்கு கலந்து அரை அடி. முளைவிட்ட துண்டு மூணு, மேல நாலு அங்குலம் கலவை. செடி எட்டு அங்குலம் வந்ததும் நுனி இலைய விட்டுட்டு மறுபடி நாலு அங்குலம். மடிப்ப அதுக்கேத்த மாதிரி அவிழ்த்துக்கிட்டே வாங்க. வெயில் பட்ட கிழங்கு பச்சையாகும், அத சாப்பிடக்கூடாது.

ஜெகன்: தேயிலைச் சக்கைய நேரா பையில கொட்டலாமா டீச்சர்? எங்க வீட்ல தினமும் ஒரு கோப்பை சேருது.

மேரி டீச்சர்: பாலும் சீனியும் சேர்ந்ததுன்னா எறும்பு வரும், அலசிருங்க. வேர்ப் பக்கம் குவிச்சா பூஞ்சணம் கட்டும். காய்கறித் தோலோட சேர்த்து கூட்டுப்பசளைக்குப் போடுங்க. ஈரக் கழிவு ஒரு பங்குக்கு காய்ஞ்ச சருகு ரெண்டு பங்கு. சவுக்குச் சருகு இருந்தா நொறுக்கிப் போடுங்க. டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரத்து இலை மக்க ரொம்ப நாளாகும், அது வேணாம். மழை படாம மூடியே ஆகணும், நம்ம குளிருக்கு ஊறிப் போனா நாறும். ஒரு பிடி எடுத்து இறுக்கினா ஒண்ணு ரெண்டு சொட்டு, அதுக்கு மேல தண்ணி வந்தா இன்னும் சருகு.

செல்லையா மாமா: உருளைக்கிழங்குல இலை கருகுற நோய் விழுந்தா?

மேரி டீச்சர்: மூட்டம் போட்ட வாரத்துல அதுதான் எதிரி. பைகளுக்கு நடுவுல ரெண்டு அடி இடம், இலை மேல தண்ணி விடக்கூடாது. கருகின செடி கூட்டுப்பசளைக்குப் போகக்கூடாது. அந்த மண்ணுல அடுத்த தடவை தக்காளியும் வேணாம், கோவா இல்லேன்னா போஞ்சி போடுங்க. பை வெயில்ல நைஞ்சு தூளாக ஆரம்பிச்சா உடனே எடுத்துருங்க, இல்லேன்னா அந்த நூலெல்லாம் மண்ணுலயே கெடக்கும். வெளிப்பக்கத்த பழைய படங்கால சுத்தி வச்சா கொஞ்சம் கூட நாள் வரும்.

ஜெகன்: யோகட் கப்ல நாத்து போட்டா, பிடுங்கி எடுக்கும்போது கப் உடைஞ்சு வேர் அறுந்து போகுது.

மேரி டீச்சர்: அது நொறுங்குற பிளாஸ்டிக், அமுக்கக்கூடாது. அடியில ரெண்டு ரூபா காசு அளவு ஓட்டை போட்டு, உள்ள அட்டை வட்டம் ஒண்ணு வச்சு மண்ண நிரப்புங்க. நாலாவது இலை வந்ததும் அடியில இருந்து விரலால தள்ளுனா அப்படியே வெளிய வரும்.

செல்லையா மாமா: மருந்தடிக்கிற போத்தலும் ரெண்டு நல்லதா இருக்கு. கூரைக்கு அதப் போட்டா?

சிவா: வேண்டாம் மாமா! பூச்சிமருந்து, களைக்கொல்லி வந்த எந்தப் போத்தலும் எதுக்கும் வேண்டாம். மூணு தரம் அலசி, அந்தத் தண்ணிய மருந்து டேங்கிலயே ஊத்தி, போத்தல ஓட்டை போட்டு வைங்க. யாராவது தண்ணி பிடிச்சுக் குடிச்சிரக் கூடாது.

ராணி: சிவா தம்பி, போத்தல்ல லேபல் பசை போகல. தேங்காய் எண்ணெய் தேய்ச்சா போகுதுங்கிறாங்க.

சிவா: போகும் அக்கா. ஆனா அப்புறம் சவர்க்காரம் போட்டு ரெண்டு தரம் கழுவி காய வைங்க. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா சிலிக்கோன் ஒட்டாது, முதல் மழைக்கே கழண்டுரும்.