புதுப்பிப்பு: கான்ஸ்டான்ஷியா விருந்து முடிந்தது

தென்னாப்பிரிக்காவின் பழைய கான்ஸ்டான்ஷியா ஒயின் பண்ணையைக் கொண்டாட ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் விருந்து, அதன் இனிப்பு ஒயினுக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்டிருந்தேன் இல்லையா? பாதிப் பேர் சீஸ், மீதிப் பேர் பாயசம் என்றீர்கள். இரண்டுமே வைக்கவில்லை.

ஜெயித்தது காசிமேட்டு இறால் தொக்கு, மிளகாய் கொஞ்சம் தூக்கலாக. காரத்தின் எரிச்சலை இனிப்பு அடக்க, ஒயினின் புளிப்பு எண்ணெய்ப் பிசுக்கை வாயிலிருந்து துடைத்துவிட்டது. நன்றாகக் குளிர வைத்தே ஊற்றுங்கள்; நம்ம ஊர் சூட்டில் சீக்கிரமே பாகு மாதிரி ஆகிவிடுகிறது. கூட வைத்த சிவப்பு ஒயினோ தொக்கோடு சேர்ந்து நாக்கைப் பிடுங்கியது. அத்தோ எனும் பர்மா நூடுல்ஸ்? அதன் பூண்டு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

நடுநடுவே கதையும் ஓடியது. 1685இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கேப் (தென்னாப்பிரிக்க முனை) குடியேற்ற அதிகாரி சைமன் வான் டெர் ஸ்டெல் தொடங்கிய பண்ணை. செயின்ட் ஹெலினா தீவில் காவலில் இருந்த நெப்போலியனுக்கும் கான்ஸ்டான்ஷியா ஒயின் போயிருக்கிறது. அதே கம்பெனிக்கு நம் பழவேற்காட்டில் கோட்டை இருந்தது என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேர்ப்பூச்சி திராட்சைக் கொடிகளைத் தின்ன, அந்தப் பழைய பண்ணையின் ஒரு பகுதியான க்ளைன் கான்ஸ்டான்ஷியாவில் 1986 அறுவடையில்தான் அந்தப் பாணி ஒயின் திரும்பியது.

பாட்டில் அரை லிட்டர்தான், ஆளுக்கு இரண்டு மடக்கு. அடுத்த தடவை வஞ்சிரம் வறுவல் வேண்டுமாம், இப்போதே சொல்லி வைத்துவிட்டார்கள்.