வகைப் பட்டியலின் முதலிடம்: யாருடைய கேட்பை எண்ணுவது?

கோணமலையான்:

ஈழத்துப் பாடல்களை வகை வகையாகப் பிரித்து ஆண்டிறுதிப் பட்டியல் ஒன்றை வெளியிடுவதற்குத் திருகோணமலை இளைஞர் சிலர் முன்வந்திருக்கிறார்கள். அவர்கள் கருத்துக் கேட்டுச் சுற்றுக்கு விட்டிருக்கும் வரைவில் சொல்லிசை (ராப்), மெல்லிசை, பொப், பக்திப் பாடல் என நான்கு வகைகள் உள்ளன. ஒவ்வொரு வகையிலும் யூடியூபில் உலகளவில் அதிகப் பார்வை பெற்ற பாடலுக்கே முதலிடம் என்பதுதான் விதி. முயற்சி பாராட்டுக்குரியது, விதி அப்படியல்ல. இதே விதியின் பெரிய வடிவத்தை அமெரிக்காவின் பில்போர்ட் சஞ்சிகை 2012 ஒக்டோபரில் நடைமுறைப்படுத்தியது. அதன் விளைவைப் பார்த்த பிறகும் நாம் அதே வழியில் போக வேண்டுமா என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

அதுவரை, அமெரிக்கக் கிராமிய மரபில் வந்த 'கன்ட்ரி' இசைக்கான பில்போர்டின் பாடல் பட்டியல், கன்ட்ரி இசை வானொலி நிலையங்கள் எதை எத்தனை தடவை ஒலிபரப்பின என்பதை வைத்தே தொகுக்கப்பட்டது. அந்த இசையைத் தேடிக் கேட்பவர்களிடம் எது எடுபட்டது என்பதை அது காட்டியது. 2012 இல், எல்லா வகைப் பாடல்களுக்கும் பொதுவான ஹொட் 100 பட்டியலின் கணக்கே வகைப் பட்டியல்களுக்கும் கொண்டுவரப்பட்டது. எந்த வானொலியில் ஒலித்தாலும், யார் தரவிறக்கினாலும், யார் இணையத்தில் கேட்டாலும் எல்லாம் சேர்த்து எண்ணப்பட்டன. அந்த ஒரே வாரத்தில் டெய்லர் ஸ்விஃப்டின் பொப் சாயல் மிகுந்த பாடல் ஒன்று கன்ட்ரி பட்டியலில் 21 ஆம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்தது. ரிஹானாவின் பாடல் ஒன்று, கறுப்பின மக்களிடையே பிறந்த இசை வகைகளான ஆர் அன்ட் பி, ஹிப்ஹொப் ஆகியவற்றின் பட்டியலில் 66 ஆம் இடத்திலிருந்து முதலிடத்துக்குத் தாவியது. ராப் பட்டியலின் உச்சியில் தென்கொரியாவின் 'கங்னம் ஸ்டைல்' போய் அமர்ந்தது. ஒரு வாரத்துக்குள் ராப் நேயர்கள் எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள். மூதூர்த் தொகுதிக்கான உறுப்பினரை முழு நாடும் வாக்களித்துத் தெரிவுசெய்தால் என்ன நடக்குமோ அதுதான் அங்கே நடந்தது. நமது பட்டியலிலும் ஒரு வகைக்குள் அந்த வகைக்குரிய நேயர்களின் தெரிவே முன்னிற்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

நிலாவெளி நேயன்:

ஐயா, உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் பழைய முறையை நீங்கள் சற்றுக் கூடுதலாகவே மெச்சுகிறீர்கள். கன்ட்ரி வானொலி நிலையங்களின் ஒலிபரப்பு என்பது கன்ட்ரி நேயர்களின் விருப்பமே என்று எப்படிச் சொல்வது? அது பெரும்பாலும் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்கள் சிலரின் விருப்பம். வாயிலில் நின்று யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிப்பவர்களை நீங்கள் நேயர்கள் என்று அழைக்கிறீர்கள்.

1991 இல் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். அதற்கு முன் பில்போர்டின் இசைத்தொகுப்புப் பட்டியலுக்குக் கடைக்காரர்கள் தொலைபேசியில் சொல்லும் தரவரிசையே ஆதாரமாக இருந்தது. கடையில் நின்றவருக்குப் பிடித்ததும் அவர் விற்றுத் தீர்க்க வேண்டியிருந்ததும் மேலே போயின. அந்த ஆண்டு மே மாதம் முதல், காசாளர் மேசையில் பட்டைக்குறியீடு வாசிக்கப்பட்டு வந்த உண்மையான விற்பனைக் கணக்கு பயன்படுத்தப்பட்டது. ஒரு மாதத்துக்குள் என்.டபிள்யூ.ஏ என்ற ராப் குழுவின் இசைத்தொகுப்பு முதலிடத்தைப் பிடித்தது. செப்ரெம்பரில் கார்த் புரூக்ஸின் கன்ட்ரி தொகுப்பு ஒன்று வெளியான உடனேயே முதலிடத்தில் நுழைந்தது. ராப்பையும் கன்ட்ரியையும் ஓரத்து இசை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அவற்றை எவ்வளவு பேர் வாங்குகிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. எண்ணிக்கை ஒழுங்காக இருந்தால் புறக்கணிக்கப்பட்டவர்களுக்கே நன்மை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நமது சொல்லிசைக் கலைஞர்களை எந்த அலைவரிசை தேடிப்பிடித்து ஒலிபரப்பியது? அவர்களை வளர்த்தது யூடியூப்தான்.

கோணமலையான்:

தம்பி, 1991 ஐயும் 2012 ஐயும் ஒரே கயிற்றில் கட்ட முடியாது. 1991 இல் எண்ணும் கருவி திருந்தியது. கடைக்கு வந்து காசு கொடுத்தவரையே முன்பும் எண்ண முயன்றார்கள், பின்பும் எண்ணினார்கள். பின்பு சரியாக எண்ணினார்கள். 2012 இல் கருவி திருந்தியதோடு எண்ணப்படுவோரின் எல்லையும் சேர்ந்தே நீக்கப்பட்டது. முதலாவதற்கு நான் எதிரியல்லன்.

எல்லையை நீக்கியதன் பலன் பட்டியலோடு நிற்கவில்லை, பாடல் ஆக்கத்துக்குள்ளும் புகுந்தது. புளோரிடா ஜோர்ஜியா லைன் என்ற கன்ட்ரி இரட்டையர் தம் பாடல் ஒன்றுக்கு ராப் பாடகர் நெல்லியைச் சேர்த்து மறு கலவை (ரீமிக்ஸ்) வெளியிட்டார்கள். கன்ட்ரி நிலையங்களுக்கு வெளியேயும் அது ஓடியது. அந்த ஓட்டமும் கன்ட்ரி பட்டியலில் கணக்கானது. மொத்தம் 24 வாரங்கள் முதலிடம். பின்பு அதே இரட்டையரும் பொப் பாடகி பீபி ரெக்ஸாவும் சேர்ந்து பாடிய பாடல் 50 வாரங்கள் அங்கே முதலிடத்தில் இருந்தது. ஏறத்தாழ ஓர் ஆண்டு முழுவதும் அந்த வகையில் வேறு எந்தப் பாடலுக்கும் முதலிடம் என்ற பேச்சே இல்லை. வெளியார் கேட்பதே உள்ளே வெற்றி தரும் என்றால், பாடலாக்குபவர் வெளியாருக்காகத்தானே ஆக்குவார்?

இன்னும் பழைய கதை ஒன்றும் உண்டு. கறுப்பின மக்களின் இசைக்கான பில்போர்டின் பட்டியல் 1942 இல் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதிக் கடைகளின் விற்பனையை வைத்துத் தொடங்கியது. 1963 நவம்பரில், பொதுப் பட்டியலிலும் அதே பாடல்கள்தாமே வருகின்றன என்ற நிலையில் அதை நிறுத்தினார்கள்; 1965 ஜனவரியில்தான் மீண்டும் கொண்டுவந்தார்கள். இடைப்பட்ட பதினான்கு மாதங்களில் அந்த மக்கள் தமக்குள் எதைக் கொண்டாடினார்கள் என்பதற்குப் பில்போர்டில் பதிவே கிடையாது. இரண்டு பட்டியலும் ஒன்றுபோல இருப்பதாகத் தோன்றும் காலத்தில்தான் தனிப் பட்டியல் அதிகம் தேவைப்படுகிறது என்பேன்.

கிண்ணியாச் செவி:

இருவரும் அமெரிக்காவிலேயே நிற்கிறீர்கள். திருகோணமலை பஸ் நிலையத்தில் நின்று பாருங்கள். மூதூர் போகும் தனியார் பஸ்ஸில் சாரதியின் தலைக்கு மேலே ஒரு சிறிய பெட்டி. அதில் பென் டிரைவ் ஒன்று செருகப்பட்டிருக்கும். பாடல்களை யாரோ ஒரு தம்பி கணினியில் இறக்கி, பெயரில்லாமல் எண் மட்டும் இட்டுக் கொடுத்திருப்பான். ஐம்பது பேர் ஏறி, நெரிந்து, கிண்ணியாப் பாலம் தாண்டி இறங்கும் வரை அந்தப் பாடல்களைத்தான் கேட்கிறார்கள். அடுத்த நாளும் அதே வரிசைதான். பட்டியல் விதி எதுவானாலும் அந்த ஐம்பது பேரின் கேட்பு பூச்சியம். கோயில் திருவிழாவில் பத்து நாள் கட்டியிருக்கும் ஒலிபெருக்கியும் பூச்சியம். அதே பாடலைத் தனி அறையில் ஒருவர் கைத்தொலைபேசியில் அரை நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்தினால் ஸ்பொட்டிஃபை அதை ஒரு கேட்பாக எண்ணிக்கொள்ளும். பக்திப் பாடலை யூடியூப் பார்வையால் அளக்கப் போகிறோம் என்று வரைவில் எழுதியவர், அந்தப் பாடல்கள் எங்கே கேட்கப்படுகின்றன என்று ஒரு கணமாவது எண்ணிப் பார்த்தாரா?

உவர்மலை வாசகி:

கிண்ணியாச் செவி சொன்ன அரை நிமிடத்தைப் பலர் சின்ன விடயம் என்று கடந்துவிடுகிறார்கள். முப்பது விநாடி ஒலித்தால்தான் ஒரு கேட்பு என்று விதி இருந்தால், அந்த முப்பது விநாடிக்குள் நேயர் ஓடிவிடாதபடி பாடல் கட்டப்படும். முன்னிசை சுருங்கும், பல்லவி முன்னுக்கு வரும். வயலினும் புல்லாங்குழலும் ஆறுதலாக வந்து சேர்ந்த பிறகே பாடகர் வாய் திறக்கும் நமது மெல்லிசைக்கு இந்த விதி இயல்பிலேயே பகை; சொல்லிசைக்கு அவ்வளவு பகையில்லை. ஆகவே எண்ணும் முறை எல்லா வகைக்கும் பொதுவாக இருப்பதையே நடுநிலை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

விதி இருக்கும் இடத்தில் விதியைச் சுற்றிப் போகிறவரும் இருப்பார். 2019 இல் இந்திய ராப் பாடகர் பாட்ஷாவின் பாடல் ஒன்று 24 மணித்தியாலத்தில் 7.5 கோடி பார்வை பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதில் பெருமளவு கட்டண விளம்பரத்தால் வந்தது என்ற சர்ச்சைக்குப் பிறகு, அந்த ஆண்டு செப்ரெம்பரில், விளம்பரப் பார்வைகளைத் தன் இசைப் பட்டியல்களில் சேர்ப்பதில்லை என்று யூடியூப் முடிவெடுத்தது. ஆனால் காணொளியின் கீழே நாம் பார்க்கும் எண்ணிக்கையில் எது விளம்பரத்தால் வந்தது என்று பிரித்துப் பார்க்க நமக்கு வழியில்லை. வரைவு விதி அந்த எண்ணைத்தான் நம்புகிறது. விளம்பரத்துக்குப் பணம் போடக்கூடிய, வெளிநாட்டு உறவினர் உள்ள ஒரு பாடகர் நமது பட்டியலில் முதலிடத்தை வாங்கிவிடலாம். அதற்குப் பெரிய செலவும் ஆகாது.

நிலாவெளி நேயன்:

அக்கா விளம்பரத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அதற்குக் கணக்கைச் சரிபார்க்க வழி தேட வேண்டுமே தவிர, கணக்கையே கைவிட வேண்டியதில்லை. ஆனால் 'வெளிநாட்டு உறவினர்' என்ற சொல் என்னை உறுத்துகிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருந்து கேட்பவர் இந்த இசைக்கு வெளியாரா? ஈழத்துச் சொல்லிசையில் பாதி அங்கேதான் எழுதப்படுகிறது. 'வகைக்குரிய நேயர்' என்று கோடு கீறத் தொடங்கினால் அந்தக் கோடு எங்கே போய் முடியும்?

நமது நாட்டின் மிகப் புகழ்பெற்ற பாடல் வரிசை எது என்று நினைத்துப் பாருங்கள். 1952 இல் இலங்கை வானொலியில் தொடங்கிய, அமீன் சயானி தொகுத்து வழங்கிய 'பினாகா கீத்மாலா'. பற்பசை நிறுவனத்தின் அனுசரணை, இந்தித் திரைப்பாடல்கள், நேயர்களில் மிகப் பெரும்பாலோர் கடலுக்கு அப்பால். அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிய காலத்தில், நம் நாட்டு அலைவரிசையில் வந்த வரிசைதான் இந்தியாவின் வெற்றிப் பாடல் எது என்பதைச் சொன்னது. எல்லைக்குள் இருப்பவரை மட்டும் எண்ணுவோம் என்று அன்று யாராவது பிடிவாதம் பிடித்திருந்தால் அந்த வரலாறே இல்லை.

கோணமலையான்:

நல்ல உதாரணம். ஆனால் அது உங்கள் பக்கத்தைவிட என் பக்கத்துக்கே வலுச்சேர்க்கிறது. கீத்மாலா வந்த கடிதங்களை எல்லாம் கொட்டி எண்ணிவிட்டு முடிவு சொல்லவில்லை. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையையும் நேயர் மன்றங்களின் தெரிவையும் சேர்த்தே வரிசை அமைத்தது. அந்த மன்றங்கள் இந்தித் திரைப்பாடலின் நேயர்களைக் கொண்டவை. எங்கே வசித்தார்கள் என்பது பொருட்டல்ல. ரொறன்ரோத் தமிழரை விலக்குங்கள் என்று நான் எழுதவில்லை. சொல்லிசையைத் தேடிக் கேட்பவர் ரொறன்ரோவில் இருந்தாலும் தம்பலகாமத்தில் இருந்தாலும் அவர் அந்த வகைக்குரிய நேயரே. தானாக ஓடும் அடுத்த காணொளியாக ஒரு பாடலைத் தற்செயலாகப் பார்த்தவரையும் அவரையும் ஒரே எடையில் வைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

திறந்த எண்ணிக்கையின் இலட்சணம் நமக்குப் புதிதும் அல்ல. நேயர் விருப்பக் காலத்தில் எங்கள் வீதியில் ஒருவர் தபாலட்டைகளைக் கட்டாக வாங்கி, பேனாவை மட்டும் மாற்றி, ஊரில் உள்ளவர், இல்லாதவர், மறைந்தவர் எல்லோருடைய பெயரிலும் ஒரே பாடலைக் கேட்டு எழுதுவார். பெயர்கள் வானொலியில் வாசிக்கப்படும்போது அந்தக் குடும்பங்கள் மகிழ்ந்தன என்பது வேறு கதை.

என் முன்மொழிவு இதுதான். ஒவ்வொரு வகைக்கும் இரண்டு நிரல்கள் வையுங்கள். ஒன்று, விளம்பரக் கணக்கைப் பாடகரிடமே ஆதாரத்தோடு கேட்டுக் கழித்த பின் வரும் இணையப் பார்வை. மற்றது அந்த வகைக்கான மன்றம்: பக்திப் பாடலுக்கு ஒலிபெருக்கிக்காரரும் கோயில் தொண்டர்களும், சொல்லிசைக்கு உள்ளூரிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் அதை எழுதுவோரும் கேட்போரும், பஸ்ஸுக்குப் பாடல் ஏற்றிக் கொடுக்கும் அந்தத் தம்பியும் ஏதாவதொரு மன்றத்தில் இருக்கட்டும். பில்போர்டும் 2012 இல் கன்ட்ரி வானொலிக்கான பழைய கணக்கைத் தனிப் பட்டியலாகத் தொடர்ந்தது.

உவர்மலை வாசகி:

மன்றத்தில் யார் யார் என்பதைப் பட்டியலோடு சேர்த்து வெளியிட்டால் மட்டுமே இதை ஆதரிப்பேன். இல்லாவிட்டால் நிலாவெளி நேயன் சொன்ன வாயில்காப்போர் வேறு உடுப்பில் திரும்பி வருவார்கள். ஒரு பாடல் எந்த வகை என்பதைத் தீர்மானிப்பதும் அதே மன்றத்தின் கையில் இருக்கக் கூடாது. 2019 இல் லில் நாஸ் எக்ஸ் என்ற இளைஞரின் பாடல் கன்ட்ரி பட்டியலில் 19 ஆம் இடத்தில் நுழைந்தது. இன்றைய கன்ட்ரி இசையின் கூறுகள் அதில் போதாது என்று பில்போர்ட் அதை நீக்கிவிட்டது. அதன் பிறகு அது பொதுப் பட்டியலில் 19 வாரங்கள் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. அவர் கறுப்பினத்தவர் என்பதால்தான் இந்த அளவுகோல் அவர்மீது பாய்ந்தது என்று அன்று பலர் குற்றஞ்சாட்டினார்கள். நாட்டார் மெட்டில் ராப் சொல்லும் நம் பிள்ளைகளுக்கும் இது நடக்கும். வகையைப் பாடகரே அறிவிக்கட்டும். ஆண்டு நடுவில் மாற்ற முடியாது என்று மட்டும் விதியில் இருக்கட்டும்.

கிண்ணியாச் செவி:

பஸ் தம்பியைச் சேர்த்ததற்கு நன்றி ஐயா. அவனுடைய வரிசை அவனது சொந்த விருப்பமா, சாரதியின் விருப்பமா என்பதை முதலில் விசாரித்துவிட்டுச் சேருங்கள். சாரதியின் விருப்பம் என்றால் சாரதியையே சேர்க்கலாம்.

நிலாவெளி நேயன்:

இரண்டு நிரல்களுக்கு உடன்படுகிறேன். ஆனால் அதனால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எவரும் நினைக்க வேண்டாம். பில்போர்ட் இரண்டு கன்ட்ரி பட்டியல்களையும் வாரந்தோறும் வெளியிடுகிறது. 50 வாரச் சாதனை என்று கோணமலையான் ஐயாவே மேலே எழுதியது எந்தப் பட்டியலிலிருந்து? எல்லோரையும் எண்ணும் பட்டியலிலிருந்து. வானொலிப் பட்டியலை அவர் மேற்கோள் காட்டவில்லை. நமது பாடகர்களும் சுவரொட்டியில் பெரிய எண் உள்ள நிரலைத்தான் அச்சிடுவார்கள். ஆகையால் எந்த நிரலை முதலாவதாக, தடித்த எழுத்தில் போடுவது என்பதையும் இப்போதே விதியில் எழுதிவிடுங்கள். என் வாக்கு இணைய நிரலுக்கு.