புதுப்பிப்பு: மோட்டார் நிற்கும்போது ரீசெட் ஆகும் இஎஸ்பி8266

ரிலே (மின்சைகையால் இயங்கும் சுவிட்ச்) மோட்டாரை நிறுத்தும் நொடியில் இஎஸ்பி8266 என்ற வைஃபை மைக்ரோகண்ட்ரோலர் பலகை ரீசெட் ஆவதையும், ரிலேக்கான கட்டளைகளைக் கடத்தும் என்ஆர்எஃப்24எல்01+ ரேடியோ மாட்யூல் இடையிடையே செய்திகளைத் தவறவிடுவதையும் பற்றி முன்பு எழுதியிருந்தேன். இரண்டும் ஒரே கோளாறு அல்ல என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

ரிலே பலகையில் உள்ள டையோடு, ரிலேச் சுருளில் எழும் மின்னழுத்த எழுச்சியை மட்டுமே அடக்கும். மோட்டார் போன்ற தூண்டல் சுமையை (கம்பிச்சுருள் கொண்ட சாதனத்தை) துண்டிக்கும்போது ரிலேயின் தொடுமுனைகளுக்கு இடையே எழும் தீப்பொறிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே 100 ஓம் மின்தடையையும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகை (வீட்டு மின்சாரத்தின் குறுக்கே பாதுகாப்பாகப் பொருத்தத்தக்க) மின்தேக்கியையும் தொடராக இணைத்து, மோட்டாரின் முனைகளுக்குக் குறுக்கே பொருத்தினேன். ரிலேயின் தொடுமுனைகளுக்குக் குறுக்கேயும் பொருத்தலாம். ஆனால் ரிலே திறந்திருக்கும்போதும் சிறு மின்னோட்டம் கசியும் என்பதால் அதைத் தவிர்த்தேன். ரிலேச் சுருளுக்கும் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்கும் ஒரே மின்வழங்கியைப் பகிரும் ஜேடி-விசிசி ஜம்பரை (சிறு இணைப்பானை) கழற்றி, ரிலேச் சுருளுக்குத் தனி 5 வோல்ட் மின்வழங்கி கொடுத்தேன். இரு பக்கத்துக் கிரவுண்டுகளையும் இணைத்துவிட்டால், சைகையை ஒளி வழியே கடத்தி அவற்றை மின்வழியில் பிரித்துவைக்கும் ஆப்டோகப்ளரால் எந்தப் பயனும் இல்லை. இதன் பிறகு ரீசெட் ஆகவில்லை. நிரலில் தாமதம் சேர்த்தால் ரீசெட் நிற்கும் என்றும் ஒரு யோசனை இருந்தது; அதை நான் ஏற்காததற்குக் காரணம், அது மின்னிரைச்சலைக் குறைக்காது என்பதே.

ரேடியோவுக்கு மருந்து எளியது: மின்னழுத்தம் நிலையாக இருக்க மாட்யூலின் மின்முனைகளை ஒட்டியே 47 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, விநாடிக்கு 250 கிலோபிட் வேகம். வேகம் குறைந்தால் ஏற்பியின் உணர்திறன் கூடும். ரிலேக்கு அனுப்பும் சில பைட்டுகளுக்கு அந்த வேகமே தாராளம். கான்கிரீட் சுவருக்கு அப்பால் எட்டும் தூரத்தை இனிதான் சோதிக்க வேண்டும்.